ஒரே தலையில் மூன்று மகுடங்கள்

குத்துச்சண்டையைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதலாமா என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். ஒரு மனிதன் மற்றொரு மனிதனை முகம் வீங்க அடிப்பதும், அதைப் பல்லாயிரம் பேர் பணங்கொடுத்துப் பார்ப்பதும் நாகரிகமாகுமா என்ற கேள்வி நியாயமானதே. அதற்கு விடை கூற நாம் இங்கே முன்வரவில்லை. ஆனால், கோதாவில் இறங்கிய ஒரு மனிதருடைய வரலாறு, உழைப்புக்கும் அதன் பலனுக்கும் உள்ள சம்பந்தத்தைப் பல பெரிய நூல்களைவிடத் தெளிவாக எடுத்துக் காட்டுமானால், அதை ஜனங்களுக்குச் சொல்வது பத்திரிகையின் கடமையேயாகும்.

அத்தகைய வரலாறு அமெரிக்க வீரர் ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங்கினுடையது. வெல்ட்டர் வெயிட் என்னும் எடைப் பிரிவில் 1938 முதல் 1940 வரை அவர் உலக வீரராக விளங்கினார். அது மட்டுமன்று, ஒரே சமயத்தில் மூன்று பிரிவுகளின் உலகப் பட்டங்களையும் தம் வசம் வைத்திருந்தார். இவ்வளவு பெற்றவருக்கு இறுதியில் மிஞ்சியது என்ன? இதுவே நாம் ஆராயத்தக்க விஷயம்.

தராசு வகுத்த வரம்பு

பெரியவன் சிறியவனை நசுக்காதிருக்கும் பொருட்டு, எடைக்கு எடை ஒத்தவர்களையே எதிரெதிரே நிறுத்த வேண்டுமென்று குத்துச்சண்டையில் விதி செய்திருக்கிறார்கள். ஆர்ம்ஸ்ட்ராங்கின் காலத்தில் பெருமதிப்புப் பெற்றிருந்த பிரிவுகள் எட்டு. 126 ராத்தலுக்கு மேற்படாதவர்கள் ஃபெதர் வெயிட். 135 ராத்தல் வரை லைட் வெயிட். 147 ராத்தல் வரை வெல்ட்டர் வெயிட். 160 ராத்தல் வரை மிடில் வெயிட். 147 ராத்தல் என்பது இக்காலக் கணக்கில் 67 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நடுத்தர உடற்கட்டுள்ள மனிதனின் எடை அது. வேகமும் பலமும் சரிபாதியாகக் கலந்து நிற்கும் பிரிவு வெல்ட்டர் வெயிட்டே என்று ரஸிகர்கள் பலர் கருதுவதற்குக் காரணம் இதுதான்.

இக்காலத்தில் பிரிவுகள் பதினேழுக்குக் குறையாமல் பெருகிவிட்டன. பட்டம் வழங்கும் முக்கிய ஸ்தாபனங்களும் நான்காகிவிட்டன. ஒரே பிரிவில் ஒரே நாளில் நால்வர் உலக வீரரென்று கொண்டாடப்படுவதும் உண்டு. 1938இல் நிலைமை அதுவன்று. சிம்மாசனங்கள் சில, அவற்றுக்குப் போட்டியிட்டவர்களோ பலர். அந்த எட்டுச் சிம்மாசனங்களில் மூன்றில் ஒருவரே அமர்ந்தார் என்பதும், அந்த ஒருவர் ஒவ்வொரு முறையும் தம்மினும் கனத்தவர்களை நோக்கி ஏறிச் சென்றார் என்பதும் நினைவில் வைக்கத்தக்கவை.

பாட்டியும் பேரனும்

ஹென்றி 1912 டிசம்பர் 12ஆம் தேதி மிஸிஸிபி மாகாணத்தில் கொலம்பஸ் என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஹென்றி ஜாக்ஸன். அவர் சிறு குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் மிஸௌரி மாகாணத்துச் செயின்ட் லூயிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. தாயார் சீக்கிரமே காலமானார். பையனை வளர்த்து ஆளாக்கியவர் பாட்டி.

அந்தப் பாட்டி அடிமையாக இருந்தவர். மனிதனை மனிதன் விலைக்கு வாங்கவும் விற்கவும் இருந்த உரிமையை அமெரிக்க அரசியல் சட்டத்தின் 13ஆவது திருத்தம் 1865இல் ஒழித்தது. ஒழித்த பின்னரும், கறுப்பு இனத்தவருக்குத் தனிப் பள்ளிக்கூடம், தனி ரயில் வண்டி, எட்டாத ஓட்டுரிமை என்று தென் மாகாணங்களில் வேறொரு விலங்கு பூட்டப்பட்டது. விலைச் சீட்டு எழுதப்பட்ட ஒரு ஜன்மம், தன் பேரனைப் பள்ளிக்கு அனுப்பிப் படிக்க வைத்தது என்பதே ஒரு சிறு வெற்றியாகும். பேரன் மதபோதகராக வர வேண்டுமென்பது பாட்டியின் ஆசை என்பர்.

செயின்ட் லூயிஸில் கறுப்பு இன மாணவர்களுக்கென இருந்த வாஷன் உயர்நிலைப் பள்ளியில் ஹென்றி படித்துத் தேறினார். பள்ளியை விட்டுப் பிரியும் நாளில் வகுப்பின் சார்பில் கவிதை எழுதியவரும் அவரே. கல்லூரிக்குச் செல்லப் பணமில்லை. ஆகவே ரயில் பாதையில் சம்மட்டி பிடித்து ஆணி அறையும் கூலி வேலைக்குப் போனார். ஒருநாள், கியூபா தேசத்து வீரர் கிட் சாக்லெட் அரைமணி நேரச் சண்டைக்கு 75,000 டாலர் பெற்றார் என்ற செய்தியைப் பத்திரிகைத் தாளொன்றில் கண்டதாகவும், உடனே சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டதாகவும் அவர் பின்னாளில் கூறுவதுண்டு.

பத்திரிகையில் கண்டது போல் பணம் பொழிந்துவிடவில்லை. 1931இல் பென்ஸில்வேனியா மாகாணத்தில் மெலடி ஜாக்ஸன் என்ற பெயரில் முதன்முதலாகப் பணத்துக்குச் சண்டையிட்டார். மூன்றாவது சுற்றிலேயே வீழ்த்தப்பட்டார். பிறகு சரக்கு ரயில்களில் தொற்றிக்கொண்டு மேற்குக் கரையிலுள்ள லாஸ் ஏஞ்ஜலீஸ் நகரை அடைந்தார். அங்கே வயிற்றுப் பிழைப்புக்காகத் தெருவில் பாதரட்சைகளுக்கு மெருகிட்டார். தமக்குப் பயிற்சியளித்த நண்பர் ஹாரி ஆர்ம்ஸ்ட்ராங்கின் குடும்பப் பெயரையே தம் பெயராக்கிக் கொண்டார். 1932ஆம் வருஷத்து ஒலிம்பிக் குழுவில் இடம்பெற முயன்றார், அதுவும் கைகூடவில்லை.

கைமாறிய ஒப்பந்தம்

இந்தக் காலத்தில்தான் அவருடைய வாழ்க்கையை இறுதிவரை தொடர்ந்த ஒரு காகிதம் குறுக்கிடுகிறது. அமெரிக்கக் குத்துச்சண்டையில் ஒவ்வொரு வீரனும் ஒரு மானேஜரிடம் ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பான். எவனுடன் சண்டை, எந்த ஊரில், என்ன கூலிக்கு என்பதையெல்லாம் மானேஜரே முடிவு செய்வார். வரும்படியில் தம் பங்கை முதலில் எடுத்துக்கொள்பவரும் அவரே. அந்த ஒப்பந்தத்தை அவர் வேறொருவருக்கு விற்கவும் செய்யலாம்.

நாம் வக்கீல் தொழிலில் சில காலம் பழகியவர்களாதலால் ஒன்று கூறத் துணிகிறோம். ஒருவனுடைய சொந்தத் திறமையையும் நம்பிக்கையையும் பொறுத்த ஒப்பந்தத்தை, அவனுடைய சம்மதமின்றி மற்றொருவருக்கு மாற்றலாகாது என்பது சட்டத்தின் பொது நியாயம். சம்மதம் என்ற சொல் காகிதத்தில் அழகாகவே இருக்கும். ஆனால் பட்டினி கிடக்கும் இளைஞன் ஒருவன் தரும் சம்மதம் எத்தகையது என்பதைக் கச்சேரி அறிந்தவர்கள் அறிவார்கள்.

ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஒப்பந்தம் அவ்வாறே கைமாறிற்று. 1936இல் அவருடைய மானேஜராக இருந்தவர் வர்ட் ராஸ். அவ்வருஷம் ஆகஸ்டில் லாஸ் ஏஞ்ஜலீஸில் ஆர்ம்ஸ்ட்ராங் மெக்ஸிகோ தேசத்து வீரர் பேபி அரிஸ்மெண்டியைத் தோற்கடித்தார். முன்பு மெக்ஸிகோ நகரில் தம்மை வென்றிருந்தவரை அவர் இவ்விதம் வென்றது பலருடைய கண்ணைத் திறந்தது. பிரபல பாடகரும் நடிகருமான அல் ஜால்ஸனும், சினிமா நடிகர் ஜார்ஜ் ராஃப்டும் பணம் உதவ, எட்டி மீட் என்பவர் அந்த ஒப்பந்தத்தை வாங்கினார். புதியவர்கள் அவருக்கு நல்ல வாய்ப்புகளைத் தேடித் தந்தார்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும், பாட்டியை விற்ற காலம் மலையேறிய பின்னும், பேரனுடைய இரண்டு கைகளுக்கு விலை பேசப்பட்டது என்பது நம் நெஞ்சை உறுத்துகிறது.

மூன்று மகுடங்கள்

1937ஆம் வருஷத்தில் ஆர்ம்ஸ்ட்ராங் 27 முறை கோதாவில் இறங்கினார். இருபத்தேழிலும் ஜயம், அவற்றில் 26 முறை எதிரி குறித்த சுற்றுகள் முடியும் வரை தாக்குப்பிடிக்கவில்லை. அக்டோபர் 29ஆம் தேதி நியூயார்க் மாடிஸன் ஸ்குவேர் கார்டனில் பீட்டி ஸாரனை ஆறாவது சுற்றில் வீழ்த்தி, ஃபெதர் வெயிட் உலகப் பட்டத்தைக் கைக்கொண்டார்.

அவர் சண்டையிட்ட முறை விசித்திரமானது. தலையைக் குனிந்து, எதிரியின் மார்போடு ஒட்டி நின்று, மணியடித்த நேரம் முதல் மறு மணி வரை கைகளை ஓயாமல் வீசிக்கொண்டே முன்னேறுவார், பின்வாங்குவதென்பது இல்லை. உடல் சூடேறினால்தான் தமக்கு வேகம் வரும் என்பதற்காக, கோதாவுக்கு வருமுன்னரே பல சுற்றுகள் தனியே பயிற்சி செய்து வியர்க்க விறுவிறுக்க வருவார். ஒரு புயலோடு போராடுவது போலிருந்தது எதிரிகளுக்கு.

ஒரு பட்டம் போதாதா என்றால், போதவில்லை. அதே 1937 ஜூனில் ஜோ லூயி உலகின் ஹெவி வெயிட் வீரரானார். ஜாக் ஜான்ஸன் 1915இல் அப்பட்டத்தை இழந்த பிறகு 22 வருஷங்கள் கறுப்பு இனத்தவர் எவருக்கும் கிட்டாத பட்டம் அது. அவரும் ஜெர்மானியர் ஷ்மெலிங்கும் மீண்டும் மோதவிருந்ததால், ஜனங்களின் கண்ணும் காசும் அப்பக்கமே சென்றன. சிறிய உருவமுள்ள ஒருவரை ஊரார் திரும்பிப் பார்க்க வேண்டுமானால் அவர் இதுவரை எவரும் செய்யாததைச் செய்ய வேண்டும் என்று ஆர்ம்ஸ்ட்ராங்கின் தரப்பினர் எண்ணினர். மூன்று மகுடங்களைச் சூடும் யோசனை இப்படி உதித்தது. ஒருவர் ஒரு பங்கால் பெறும் புகழை இவர் மூன்று பங்கு செய்து பெற வேண்டியிருந்தது.

வெல்ட்டர் வெயிட் பட்டம் கறுப்பு இனத்தவருக்குப் புதிதன்று. ஜோ வால்காட் அதனை 1901இலேயே வென்றிருக்கிறார். ஆனால் ஃபெதர் வெயிட் வீரரொருவர் இடையிலுள்ள லைட் வெயிட் படியைத் தாண்டி நேரே வெல்ட்டர் வெயிட் வீரரிடம் செல்வதென்பது துணிச்சலிலும் துணிச்சல்.

ராஸுடன் நடந்த சண்டை

அப்போது அப்பட்டத்தை வைத்திருந்தவர் பார்னி ராஸ். அவரும் சாமானியரல்லர். சிகாகோ நகரில் மளிகைக் கடை வைத்திருந்த ஓர் ஏழை யூதருடைய மகன். தந்தையைக் கொள்ளைக்காரர்கள் சுட்டுக் கொன்றனர். இளைய சகோதரர்கள் அனாதை விடுதியில் விடப்பட்டனர். சிதறிய குடும்பத்தை ஒன்று சேர்க்கவே அவர் குத்துச்சண்டையில் புகுந்தார். ஆக, துன்பத்தில் பிறந்த இரண்டு வீரர்கள் 1938 மே 31ஆம் தேதி இரவு நியூயார்க்கில் திறந்தவெளி அரங்கில் எதிரெதிரே நின்றனர்.

ராஸின் எடை 142 ராத்தல். ஆர்ம்ஸ்ட்ராங்கின் எடை 133½ ராத்தல்தான். எடையைக் கூட்டிக் காட்டத் தண்ணீரைக் குடித்துக் குடித்து வயிற்றை நிரப்பிக்கொண்டதாக அவர் பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். சண்டை 15 சுற்றுகள். முதற் சில சுற்றுகளில் ராஸ் ஈடுகொடுத்தார். பிறகு அவருடைய கால்கள் தளர்ந்தன, கண்கள் வீங்கின, முகம் உருமாறிற்று. நிறுத்திவிடலாமென்று அவருடைய தரப்பினர் மன்றாடியும் அவர் இணங்கவில்லை. பட்டத்தை இழப்பதானால் நின்றபடியே இழப்பேன் என்பது அவருடைய உறுதி.

இங்கேதான் நாம் நேயர்களைச் சற்று நிற்கச் சொல்லுகிறோம். எதிரியை வீழ்த்தினால் தம் புகழ் இரட்டிப்பாகும் என்பதை ஆர்ம்ஸ்ட்ராங் அறியாதவரல்லர். ஆயினும் கடைசிச் சுற்றுகளில் தாம் கையைத் தளர்த்திக்கொண்டு, அந்த வீரரை நின்றபடியே முடிக்க விட்டதாக அவர் பின்னாளில் தெரிவித்தார். ராஸ் கீழே விழவில்லை. நடுவர்களின் தீர்ப்பு ஏகமனதாக ஆர்ம்ஸ்ட்ராங்குக்கே கிடைத்தது. ராஸ் அதற்குமேல் பணத்துக்குச் சண்டையிடவேயில்லை. உலக யுத்தத்தில் சேர்ந்து, 1942இல் குவாடல்கனால் தீவில் காயமுற்ற தோழர்களைக் காத்து நின்று வீரப் பதக்கம் பெற்றார்.

மூன்றாவது மகுடத்துக்கான போர் 1938 ஆகஸ்ட் 17ஆம் தேதி மாடிஸன் ஸ்குவேர் கார்டனில் நடந்தது. எதிரி லைட் வெயிட் வீரர் லூ ஆம்பர்ஸ். ஐந்தாவது சுற்றிலும் ஆறாவது சுற்றிலும் ஆம்பர்ஸ் தரையில் விழுந்தார். எழுந்து வந்து முன்னிலும் மூர்க்கமாகப் போராடினார். ஆர்ம்ஸ்ட்ராங்கின் வாயின் உட்புறம் கிழிந்து ரத்தம் பெருகிற்று. இனி ரத்தம் தரையில் சிந்தினால் சண்டையை நிறுத்திவிடுவேன் என்று நடுவர் எச்சரித்தார். ஆர்ம்ஸ்ட்ராங் பற்களைக் காக்கும் கவசத்தைத் துப்பிவிட்டு, ஊறிய ரத்தத்தை விழுங்கிக்கொண்டே மீதிச் சுற்றுகளையும் முடித்தார். தீர்ப்பு ஒருமனதாக இல்லை. எனினும் ஜயம் அவருடையதே. பத்து மாதத்துக்குள் மூன்று மகுடங்களும் ஒரே தலையில் ஏறின.

ஏற்றமும் இறக்கமும்

ஃபெதர் வெயிட் எடைக்கு உடலை இறக்குவது இயலாமற் போகவே, அப்பட்டத்தை அவர் தாமே துறந்தார். லைட் வெயிட் பட்டம் 1939 ஆகஸ்டில் ஆம்பர்ஸிடமே திரும்பிச் சென்றது. இடுப்புக்குக் கீழே அடித்தார் என்று அச்சண்டையில் ஐந்து சுற்றுகள் அவருக்கு எதிராகக் கணக்கிடப்பட்டன. ஆனால் வெல்ட்டர் வெயிட் பட்டத்தை மட்டும் அவர் உடும்புப் பிடியாகப் பிடித்திருந்தார். நியூயார்க், ஹவானா, லண்டன் என்று ஊர் ஊராகச் சென்று, சவால் விட்டவர்களையெல்லாம் எதிர்கொண்டார். 1939 அக்டோபர் என்ற ஒரே மாதத்தில் ஐந்து முறை பட்டத்தைப் பணயம் வைத்தார். ஐந்து முறையும் காத்துக்கொண்டார். இக்கால வீரர்கள் வருஷத்துக்கு இரண்டு முறை பட்டத்துக்காகச் சண்டையிடுவதே அதிகம். மொத்தத்தில் அவர் அப்பட்டத்தைக் காத்த சண்டைகள் சுமார் இருபது. அப்பிரிவில் வேறெவரும் அவ்வளவு முறை காத்ததில்லை.

1940 மார்ச் 1ஆம் தேதி லாஸ் ஏஞ்ஜலீஸில் நான்காவது மகுடத்துக்கும் கை நீட்டினார். பிலிப்பைன்ஸ் தீவுகளைச் சேர்ந்த ஸெஃபரினோ கார்ஸியா மிடில் வெயிட் பட்டத்தை வைத்திருந்தார். எடையிலும் சுமார் பத்து ராத்தல் மிகுந்தவர். பத்துச் சுற்றுகளின் முடிவில் வெற்றி தோல்வியின்றிச் சமம் என்று தீர்ப்பாயிற்று. ஆர்ம்ஸ்ட்ராங்கே வென்றார் என்று கருதியவர்கள் அநேகர்.

ஓயாமல் சுழன்ற யந்திரம் தேயாமலிருக்குமா? 1940 அக்டோபர் 4ஆம் தேதி ஃபிரிட்ஸி ஸிவிக் என்பவர் 15 சுற்றுகளில் அவரைத் தோற்கடித்து வெல்ட்டர் வெயிட் பட்டத்தைப் பறித்தார். கடைசி மணி ஒலித்தபோது ஆர்ம்ஸ்ட்ராங் கண்கள் மூடும்படி வீங்கித் தரையில் கிடந்தார். 1941 ஜனவரியில் மீண்டும் மோதினார்கள். அந்தக் கட்டடம் அதுவரை கண்டிராத கூட்டம் திரண்டிருந்தது. பன்னிரண்டாவது சுற்றில் சண்டை நிறுத்தப்பட்டது. பொழுது சாய்ந்துவிட்டது.

கடன் திரும்பிய கதை

ஆயினும் அவரால் விலக முடியவில்லை. மீண்டும் கோதாவில் இறங்கினார். 1943 ஆகஸ்ட் 27ஆம் தேதி அவரை எதிர்த்து நின்றவர் 22 வயது இளைஞர் ஷுகர் ரே ராபின்ஸன். 1946இல் வெல்ட்டர் வெயிட் பட்டம் பெற்று, அப்பிரிவில் தோன்றியவர்களுள் தலைசிறந்தவரென்று பின்னர் போற்றப்பட்டவர் அவரே. சிறு வயதில் ஆர்ம்ஸ்ட்ராங்கைத் தெய்வமாக எண்ணி வளர்ந்தவர். பத்துச் சுற்றுகளிலும் ராபின்ஸனே மேலோங்கினார்; ஆனால் வீழ்த்தவில்லை. தாம் போற்றிய பெரியவரைக் காயப்படுத்த மனம் வரவில்லை என்று அவர் பிற்காலத்தில் கூறினார். ஐந்து வருஷங்களுக்கு முன் ராஸுக்குக் காட்டிய தயை, வட்டியோடு ஆர்ம்ஸ்ட்ராங்குக்குத் திரும்பிவிட்டது. எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படாத தர்மம் இது. எவரும் விலை பேசி வாங்க முடியாததும் இதுவே.

1945இல் ஓய்வு பெற்றபோது அவர் வென்ற சண்டைகள் சுமார் 150. அவற்றில் ஏறக்குறைய நூற்றில் எதிரியைக் கடைசி மணிக்கு முன்பே முடித்திருக்கிறார். அவருடைய கைகள் சம்பாதித்தது பல லட்சம் டாலர். மிஞ்சியது? கணக்கை வைத்திருந்தவர் மானேஜர். பணத்தைச் சூதில் இறைத்தவரும் அவரே என்பர். மீட் 1942இல் காலமானார். கணக்கும் அவரோடு போயிற்று. ஆர்ம்ஸ்ட்ராங் மதுவுக்கு அடிமையானார்.

அங்கேயே கதை முடிந்திருந்தால் அது மற்றொரு பரிதாபக் கதை. 1949இல் அவர் மனம் திரும்பினார். 1951இல் பாப்டிஸ்ட் கிறிஸ்தவ சபையின் போதகராக நியமனம் பெற்றார். பாட்டியின் ஆசை, மூன்று மகுடங்களும் உதிர்ந்த பிறகே நிறைவேறிற்று. 1956இல் தம் சரிதையை நூலாக வெளியிட்டார். பின்னர் செயின்ட் லூயிஸுக்குத் திரும்பி, ஏழைச் சிறுவர்களை நல்வழிப்படுத்தும் பணியில் ஈடுபட்டார். நோயும் வறுமையும் வருத்த, 1988 அக்டோபரில் லாஸ் ஏஞ்ஜலீஸில் காலமானார். கடந்த 80 வருஷங்களின் சிறந்த வீரர்களை 2002இல் ‘ரிங்’ என்னும் குத்துச்சண்டைப் பத்திரிகை வரிசைப்படுத்தியபோது, ராபின்ஸனுக்கு அடுத்த இரண்டாவது ஸ்தானத்தை ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு அளித்தது.

வீரமும் சுதந்திரமும்

அமெரிக்கச் சட்டசபை பின்னர் விழித்துக்கொண்டது. 1996இல் குத்துச்சண்டை வீரர்களின் பாதுகாப்புக்காக ஒரு சட்டமும், 2000இல் முகம்மது அலியின் பெயரால் ஒரு சீர்திருத்தச் சட்டமும் இயற்றப்பட்டன. சண்டையை ஏற்பாடு செய்பவர் மானேஜரின் லாபத்தில் மறைமுகமாகப் பங்கு கொள்ளலாகாது. வந்த வருமானத்தின் விவரத்தை வீரனுக்குத் தெரிவிக்க வேண்டும். நிர்ப்பந்தத்தில் எழுதி வாங்கிய ஒப்பந்தம் வீரனைக் காலமெல்லாம் கட்டாது என்பன போன்ற விதிகள் அதில் உள்ளன. நல்ல சட்டங்களே. ஆனால் ஆர்ம்ஸ்ட்ராங் பட்டமிழந்து ஐம்பது வருஷங்களுக்கு மேல் கழிந்த பின்பே அவை வந்தன.

பலம் இருந்தால் போதும், மற்றவை தாமே வரும் என்று நினைப்பவர்களுக்கு இவ்வரலாறு ஒரு பதிலாகும். இவரினும் பலவான் யார்? எட்டில் மூன்று சிம்மாசனங்களைக் கைப்பற்றிய இவரால், தம் இரண்டு கைகளின் வருமானத்தைக் கைப்பற்ற முடியவில்லை. விலங்கை உடைப்பது சுதந்திரத்தின் பாதிதான். தன் உழைப்பின் கணக்கைத் தானே எழுதி, தானே படித்து, தானே ஆளும் உரிமையே மற்றப் பாதி. முதற் பாதியைப் பாட்டியின் காலம் பெற்றது. இரண்டாவது பாதிக்காகப் பேரன் 150 முறைக்கு மேல் கோதாவில் இறங்கினார், அது கிட்டவில்லை.

விளையாட்டில் முன்னேறத் துடிக்கும் பிள்ளைகளை உடைய பெற்றோர்க்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. கையை உறுதியாக்கப் பயிற்சி கொடுங்கள், நன்று. கையெழுத்திடும் முன் காகிதத்தைப் படிக்கவும் கற்றுக் கொடுங்கள். வெல்லும் நேரத்தில், விழப்போகும் எதிரியை நின்றபடியே முடிக்க விடும் மனத்தையும் அவர்களிடம் வளருங்கள். ஆர்ம்ஸ்ட்ராங் சூடிய மகுடங்களில் வேறெவரும் பறிக்க முடியாமற் போனது அந்த ஒன்றுதான்.